மேற்கு ஜன்னலில் காலை வெயில்

அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. பல் டாக்டர் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். அவருடைய அம்மா உள்ளறைக்குள் எதையோ எடுப்பதும் வைப்பதுமாகச் சத்தம் கேட்டது. என் மேடம் வழக்கம்போல ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவரை மோசடிக்காரர் என்று நிரூபிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். எரிந்த வீட்டைப் பார்த்து, தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா என்று சொல்வது வேலை. அதில் கிடைத்த சந்தேகப் புத்தியை வீணாக்க மனமில்லாமல் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். நான் அவருடைய உதவியாளன். பெயர் வால். ஆட்களைப் பின்தொடர்வதால் வந்த பெயர் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டில் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். டாக்டர் தன் அப்பா கட்டிய பழைய மாடி வீட்டை ஆசை ஆசையாகப் புதுப்பித்தார். ஒரு பத்திரிகை அதைப் படம் பிடித்துப் போட்டது. படம் வந்த சூட்டோடு, கிழித்த பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்து நின்றார். தான் சின்ன வயதில் அம்மா அப்பாவோடு வாழ்ந்த வீடு இது என்றார். அப்பா செத்ததும் அம்மாவையும் தன்னையும் யாரோ வெளியே அனுப்பிவிட்டார்கள், அதன் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டோம், தெருப் பெயர்கூட நினைவில்லை, ஆனால் அந்த மாடி ஜன்னலை எங்கே பார்த்தாலும் தெரியும் என்றார்.

டாக்டரோ ஒரே பெண். இதே வீட்டில் பிறந்து, இதே வீட்டில் வளர்ந்தவர். இந்தக் கூரைக்குக் கீழே வேறொரு அம்மாவும் பிள்ளையும் இருந்ததே கிடையாது.

"அவர் சொல்றது நிஜம்னா, அப்போ நான் எங்க மேடம் வளர்ந்தேன்?" என்று கேட்டார் டாக்டர். நியாயமான கேள்வி. எனக்கே பாவமாக இருந்தது.

பங்கு வேண்டாம், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார். அவர் அம்மா போன வருஷம் இறந்துபோனாராம். புருஷன் இருந்தான், வீடு இருந்தது என்று அந்த அம்மா சொன்னதைச் சொந்தக்காரர்கள் கடைசிவரை நம்பவில்லை. கட்டுக்கதைக்காரி என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். அம்மா பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன் என்பது அவர் கோரிக்கை. பங்கு வேண்டாம் என்கிறவன்தான் பெரிய பங்காகக் கேட்பான் என்பது டாக்டரின் கட்சி. தன்னிடம் வேர் சிகிச்சை செய்துகொண்ட இன்ஸ்பெக்டருக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். சாயங்காலம் ஜீப் வரும். அதற்குள் மேடம் ஆதாரம் தர வேண்டும்.

எனக்கு ஆதாரம் வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கிடைத்துவிட்டது. லிஃப்ட்காரரை உட்கார வைத்து வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று சொன்னார். மாடிப்படிக்குக் கீழே அலமாரி, அதன் உள்ளே இன்னொரு சின்னக் கதவு, மாடி நடையில் சுவர் உள்வாங்கும் இடம், எல்லாம் சரி. சுவரோரம் ஓடும் மரப்பிடியையும் சொன்னார். டாக்டருடைய அப்பாவுக்கு மாலைக்கண். இருட்டினால் பார்வை கிடையாது. அதனால் வாசலில் தொடங்கி, படியேறி, படுக்கையறை வரைக்கும் இடுப்பு உயரத்தில் ஒரு மரப்பிடி அடித்து, திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு பித்தளைக் குமிழ் வைத்திருந்தார். விளக்கே இல்லாமல் வீடு முழுக்க நடப்பார் என்று டாக்டர் பெருமையாகக் காட்டினார். அந்தப் பிடியில் அப்பா கை, அப்பா விரலில் தன் கை என்றார் லிஃப்ட்காரர். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம்தான் மாட்டினார். மாடி அறையில் படுத்திருப்பாராம். காலையில் வெயில் ஜன்னல் வழியாக நேரே முகத்தில் அடித்து எழுப்பிவிடுமாம்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. காலையில் அங்கே வெயில் வர வேண்டுமென்றால் சூரியனுக்கு யாராவது சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டும்.

மேடத்தைத் தனியே இழுத்துப் போய், முடிந்தது கதை, ஃபீஸை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றேன். மேடத்துக்கு அந்தத் தப்புதான் பிடித்துப்போயிருந்தது.

"ஏமாத்த வர்றவன் வீட்டைப் படிச்சுட்டு வருவான், வாலு. எந்தப் பக்கம் வெயில் வரும்னு பார்க்காமலா வருவான்? மனசுல இருந்து சொல்றவன்தான் இப்படித் தப்பு பண்ணுவான்."

மேலே போனோம். டாக்டரும் கூடவே வந்தார். ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் ஆணியால் ஒரு லாரி கிறுக்கியதாக லிஃப்ட்காரர் சொல்லியிருந்தார். குனிந்து பார்த்தால், வார்னிஷுக்கு அடியில் லாரி இருந்தது. சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, பார்க்கவே பரிதாபமான லாரி.

டாக்டருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "சின்ன வயசுல இருந்து நான் படுத்த ரூம் இது. இந்த ஜன்னல்ல இப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. வேலை நடக்கும்போது வீடு திறந்து கிடந்தது. அப்ப உள்ள வந்து அவரே கீறியிருக்கார்."

மேடம் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, லாரியின் சக்கரத்தைக் குடைந்தார். நகக்கண் அளவு சாயம் உதிர்ந்தது. நீலச் சாயம். காய்ந்து, பொடிப்பொடியாகி, வயசானது தெரிந்தது. இந்த வீட்டுக்கு எப்போதாவது நீலம் அடித்தார்களா என்று கேட்டார். அப்பாவுக்குப் பச்சை தவிர வேறு எதுவும் பிடிக்காது என்றார் டாக்டர். சுரண்டிய இடத்திலெல்லாம் பச்சைக்கு அடியில் பச்சைதான் வந்ததாம்.

மேடம் ஹேர்பின்னைத் துடைத்து மறுபடி தலையில் செருகிக்கொண்டார்.

"அவர் சொல்றது பொய்னா இந்தக் கீறல் புதுசா இருக்கணும். ஆனா பழசு. நீங்க சொல்றது பொய்னா நீங்க இந்த ரூம்ல வளர்ந்திருக்கக் கூடாது. ஆனா வளர்ந்திருக்கீங்க. ரெண்டு பேரும் உண்மை சொல்றீங்கன்னா, பொய் சொல்றது ஜன்னல்தான்."

வீட்டைப் புதுப்பித்த கான்ட்ராக்டர் எங்கே இருப்பார் என்று மேடம் கேட்டார்.

கான்ட்ராக்டர் இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். மேடம் வாசல் வழியாக உள்ளே போனதும் மனுஷன் பின்பக்கச் சாரத்தின் வழியாக இறங்கினார். கீழே நான் நின்றுகொண்டிருந்தேன். என் பெயருக்கு அன்றைக்குத்தான் ஒரு மரியாதை கிடைத்தது.

அவருக்கு டாக்டர் என்றாலே பயம். புதுப்பிக்கும்போது ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாராம் டாக்டர். தன் தொழிலில் சொல்கிற அதே கட்டளைதான். எதையும் பிடுங்கக் கூடாது, எவ்வளவு சொத்தையானாலும் அடைத்துக் காப்பாற்ற வேண்டும், புதுப் பலகை ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாடி ஜன்னலைத் தொட்டபோது மட்டும் சட்டம் கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்கக் கரையான். சொன்னால் வேலையே போய்விடும் என்று பயந்து, அவருடைய மச்சான் வைத்திருக்கும் பழைய மரச்சாமான் கிடங்கில் தேடி ஒரு பழைய ஜன்னலை வாங்கி, நீலத்தைச் சுரண்டி, வார்னிஷ் அடித்து, ராவோடு ராவாக மாட்டிவிட்டார். பல் டாக்டர் வீட்டுக்கே பொய்ப்பல் கட்டிவிட்டாரே என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பொருத்தும்போது எவ்வளவு இழைக்க வேண்டியிருந்தது?

"அதாங்க அதிசயம். ஒரு சீவல்கூடச் சீவலை. பழைய கீல் இருந்த ஓட்டையிலயே ஆணி போய் உக்காந்துச்சு. சாமி கண்ணைத் திறந்துட்டார்னு நினைச்சேன்."

மேடம் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தார். அந்தக் காலத்து ஜன்னல்களைக் கையால் செய்தார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அளவு. யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னல் இன்னொருத்தர் வீட்டில் ஆணி ஓட்டை வரைக்கும் பொருந்தாது. அப்படிப் பொருந்துகிறதென்றால் இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். கிடங்கு மச்சானுக்கு ஃபோன் போட்டேன். ஜன்னல் வந்த வீடு ஊரின் மறுகோடியில் இருக்கிறது, கதவு ஜன்னலை எல்லாம் முன்பே பெயர்த்து விற்றுவிட்டார்கள், இப்போது சுவரை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் போனால் மிச்சம் இருக்கும் என்றார் அவர், ஏதோ விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

போய்ச் சேர்ந்தபோது முன்பக்கச் சுவர் இல்லை. இடிக்கும் மெஷின் ஒரு ஓரமாக உறுமிக்கொண்டிருந்தது. தூசியில் தொண்டை கமறியது. ஹெல்மெட் மாட்டிய சூபர்வைசரிடம் மேடம் பேச்சுக் கொடுக்க, நான் சந்தடி சாக்கில் உள்ளே நுழைந்துவிட்டேன்.

உள்ளே போனதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல்முறை வருகிற வீடு. ஆனால் என் கால் தானாக இடது பக்கம் திரும்பியது. படி அங்கே இருந்தது. படிக்குக் கீழே அலமாரி, அலமாரிக்குள் சின்னக் கதவு. மாடி நடையில் சுவர் உள்வாங்கும் இடத்தில் நான் பார்க்காமலே ஒதுங்கி நடந்தேன். மத்தியானம் நாங்கள் தட்டிக்கொண்டிருந்த அதே வீடு. வாசல் மட்டும் எதிர்த்திசையில். அங்கே கிழக்கு வாசல், இங்கே மேற்கு வாசல். ஜன்னலைப் பெயர்த்தெடுத்த இடம் ஓட்டையாக நின்றது. அந்த ஓட்டை கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் அதன் வழியாக நேரே முகத்தில்தான் அடிக்கும்.

மேடம் மூச்சு வாங்க மேலே வந்தார். ஒரே மேஸ்திரி இரண்டு பேருக்கு ஒரே மாதிரி கட்டிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சுவரைக் காட்டினார். நீலச் சாயத்தின் நடுவே, இடுப்பு உயரத்தில், வெளுத்த கோடு ஒன்று நடை முழுக்க ஓடியது. கோட்டுக்குள் சாயமே இல்லை. அங்கே நீளமாக ஏதோ ஒரு மரம் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கோடு திரும்புகிற இடத்தில் ஒரு வட்டத் தழும்பு. மேடம் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வீடு ஒரே மாதிரி நூறு பேர் கட்டலாம். இந்தப் பிடி யாருக்கு வேணும், வாலு? இருட்டினா கண்ணு தெரியாத ஒரு மனுஷனுக்குத்தான் வேணும். சாயங்காலம் எந்த வீட்டுக்குப் போனாலும் தடுமாறக் கூடாதுன்னு ரெண்டையும் ஒரே மாதிரி கட்டியிருக்கார்."

இரண்டு குடும்பம் வைத்திருந்தவர்களைப் பற்றி எங்கள் ஆபீஸில் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே வரைபடம் போட்ட திட்டக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைச் சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். மேடம் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"சூபர்வைசர்கிட்ட பழைய ஓனர் யாருன்னு கேட்டேன்," என்றார் மேடம். "ஒரு பல் டாக்டராம். வீட்டை வந்துகூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாம்."

திரும்பி வரும் வழியில் நான் எதுவும் பேசவில்லை. மேடமே இரண்டு தடவை திரும்பி, நான் காரில்தான் இருக்கிறேனா என்று பார்த்தார்.

டாக்டரை மாடி அறைக்குக் கூப்பிட்டுப் போய் மேடம் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. டாக்டர் முதலில் மறுத்தார், பிறகு கான்ட்ராக்டரைத் திட்டினார், பிறகு அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று என்னிடம் சொன்னார், நான் என்னவோ நீதிபதி மாதிரி. கையெழுத்து விஷயம் வந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊர்க்கோடியில் ஒரு பழைய இடம் சும்மா கிடக்கிறது, அதை விற்று இந்த வீட்டைச் சரி பண்ணிக்கொள் என்று அம்மாதான் சொன்னாராம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, போய்ப் பார்க்கத் தோன்றவில்லையாம். தன் வீட்டில் ஒரு பலகையைக்கூடப் பிடுங்க விடாதவர், அந்த வீட்டை அடியோடு பிடுங்கி எறியச் சொல்லியிருக்கிறார். அதை அவரே உரக்கச் சொன்னார். கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு எழுந்து கீழே உள்ளறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மா மகள் முகத்தைப் பார்த்த உடனேயே புரிந்துகொண்டார். சத்தம் கித்தம் இல்லை. அவர் போன மறுநாளே அந்தப் பொம்பளையையும் பிள்ளையையும் அனுப்பிட்டேன், வீட்டைப் பூட்டிப் போட்டேன், பூட்டு இருக்கிறவரைக்கும் எனக்குத் தூக்கம் வரல, அதான் விக்கச் சொன்னேன் என்றார். கொஞ்சம் நிறுத்தி இன்னும் ஒன்று சொன்னார்.

"எனக்கு ஒரு வீடு போதும்னு இருந்தேன். அவருக்குப் போதலை. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

டாக்டர் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாங்கள் விலகி முன்னறைக்கு வந்தோம்.

லிஃப்ட்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மேடம் சொல்லச் சொல்ல அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வீடு, அதே அளவு, அதே பிடி, நீலச் சாயம், இப்போது இடித்துக்கொண்டிருக்கிறார்கள். இடிக்கிறார்கள் என்பது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்போ அந்த வீடு இருந்துச்சு?"

இருந்தது, இப்போதும் பாதி இருக்கிறது என்றேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கரகரவென்று கண்ணீர். அழுதுகொண்டே பேச ஆரம்பித்தார், இத்தனை வருஷம் பேச ஆளில்லாமல் சேர்த்து வைத்ததையெல்லாம். அப்பா அங்கே வந்தால் சிரித்துக்கொண்டேதான் வருவாராம். படியில் நின்று சிரித்தால் மாடிவரை கேட்குமாம். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வாராம். அம்மா அதைச் சொன்னபோதுகூட ஊரில் யாரும் நம்பவில்லையாம்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டே இறங்கினார், டாக்டரைப் பார்க்க வந்தால் அவருக்கு அது தானாக வந்துவிடும் போலிருக்கிறது. டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். இவர்தானா அந்த ஆள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

நானாக இருந்தால், தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று மழுப்பி, டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். ஊருக்கெல்லாம் பேர் தெரிந்த குடும்பம். இன்ஸ்பெக்டர் வாயில் விழுந்தால் விடிவதற்குள் ஊர் வாயில் விழும். டாக்டருக்கு அது தெரியாமல் இல்லை.

"ஆமா, இவர்தான்," என்றார் டாக்டர். "எங்கப்பாவோட பையன்."

இன்ஸ்பெக்டரின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. அவர் யோசித்து முடிப்பதற்குள் டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டார். ஊர்க்கோடியில் ஒரு வீட்டை இடிக்கிறார்கள், விற்றாகிவிட்டது, நிறுத்த எனக்கு உரிமை இல்லை, ஆனால் போலீஸ் ஜீப் வந்து நின்றால் மெஷின் கொஞ்ச நேரம் நிற்கும், அதற்குள் இவர் ஒரு தடவை மாடி ஏறிப் பார்த்துவிடட்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். கைது செய்ய வந்த ஜீப்பில் எல்லாரும் ஏறினோம். இன்ஸ்பெக்டர் முன்னால், பின்னால் ஒரு பக்கம் மேடமும் நானும், எதிரே டாக்டரும் லிஃப்ட்காரரும், நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் இடம் விட்டு.

ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போனது. டாக்டர் வெளியே பார்ப்பதும் லிஃப்ட்காரரைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில், வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"எங்ககிட்ட அப்பா அதிகம் பேசக்கூட மாட்டார். மேல போய்ப் படுத்துக்குவார். அங்க... உங்க வீட்ல... சிரிப்பாரா?"

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, சட்டையில் ஒட்டாத தூசியைத் தட்டினார்.

"ரொம்பச் சின்ன வயசு, அக்கா. எனக்கு ஞாபகம் இல்ல."

இந்த வழக்கில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.